ப்ரைமர் அடித்துக் குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தலாமா?

அக்டோபர் 6, வாசகர் கேள்வி

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். கையில் 1972 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பானெட், இரண்டு கதவு, இடது முன் ஃபெண்டர் ஆகியவற்றில் பெயிண்டை உரித்து வெறும் தகடாக்கிவிட்டேன். மீதி பழைய பெயிண்டோடு நிற்கிறது. கராஜில் ஹீட்டர் கிடையாது. குளிருக்கு முன் கலர் அடித்து முடிக்க வாய்ப்பில்லை, மே மாதம்தான் முடியும். இப்போதைக்கு ஸ்ப்ரே டப்பாவில் வரும் சாம்பல் ப்ரைமரை இரண்டு கோட் அடித்து, மேலே தார்ப்பாய் போர்த்தி விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ப்ரைமர் இருந்தால் துரு பிடிக்காதுதானே?

அக்டோபர் 6

பிடிக்கும். அதுவும் வெளியே தெரியாமல் பிடிக்கும்.

டப்பாவில் வரும் சாதா ப்ரைமர் தண்ணீரைத் தடுக்கச் செய்த பொருளே இல்லை. மேலே வரும் கலருக்குப் பிடிமானம், தேய்த்துச் சமன் செய்ய ஒரு படலம், அவ்வளவுதான் அதன் வேலை. டால்க் என்ற கல்பொடி நிறைந்த நுண்துளைப் படலம் அது. ஈரம் உள்ளே போகும், தகட்டைத் தொடும், அங்கேயே தங்கும்.

என்னிடம் இருப்பது 1971 ஃபோக்ஸ்வாகன் சூப்பர் பீட்டில். கிச்சனர் பக்கம் வாங்கியது. வலது பின் ஃபெண்டர் முழுக்கச் சாம்பல் ப்ரைமர் அடித்திருந்தது. பெயிண்டுக்குத் தயார் என்று சொல்லித்தான் விற்றார்கள். பார்க்கவும் வழவழவென்று அழகாக இருந்தது. 180 எண் உப்புத்தாள் பேப்பரை வைத்து நாலு இழுப்பு இழுத்ததும் சாம்பலுக்கு அடியில் கடுகளவில் பழுப்புப் புள்ளிகள். இன்னும் தேய்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு குழி. குழியிலிருந்து மயிரிழைக் கோடாகத் துரு பக்கவாட்டில் ஓடியிருந்தது. பெயிண்டுக்குத் தயார் என்று வாங்கிய ஃபெண்டரை மறுபடி வெறும் தகடு வரை உரிக்க வேண்டியதாயிற்று. கலருக்குப் பிறகு இது தெரியவந்திருந்தால் செலவு பல மடங்கு.

அதனால் டப்பா ப்ரைமரை விடுங்கள். தார்ப்பாயையும் விடுங்கள், அதைப் பற்றி அப்புறம்.

அக்டோபர் 7

வேறு என்ன அடிப்பது? எபாக்ஸி ப்ரைமர். ரெசின் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா என்று இரண்டு பாகமாக வருவது. தின்னர் ஆவியாகிக் காய்கிற ரகம் இல்லை இது. இரண்டும் வினைபுரிந்து இறுகுவதால் படலம் நெருக்கமாக அமைகிறது, ஈரம் எளிதில் புகாது. வெறும் தகட்டின் மேல் நேரடியாக, நன்றாக நனைய இரண்டு கோட்.

கேள்வி கேட்டவரின் பக்கத்து வீட்டுக்காரர் எட்ச் ப்ரைமர் போதும் என்கிறாராம். எட்ச் ப்ரைமரில் இருக்கும் அமிலம் தகட்டைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் படலம் மிக மெல்லியது. மேலே இன்னொன்று அடித்தே ஆகவேண்டும். எட்ச் மேல் எங்கள் எபாக்ஸியை அடிக்காதீர்கள் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. ஒன்று எட்ச், இல்லையென்றால் எபாக்ஸி. குளிருக்கு நிறுத்தப்போகிற வண்டிக்கு எபாக்ஸிதான்.

இன்னொரு ஆசையும் வரும்: எபாக்ஸிக்கு மேலே, மேடுபள்ளத்தை நிரப்பித் தேய்க்க உதவும் கனமான யூரிதேன் சர்ஃபேசரையும் அடித்து, தேய்த்து, எல்லாம் முடித்து நிறுத்திவிடலாம், மே மாதம் கலர் மட்டும் போதும் என்று. வேண்டாம். அந்தச் சர்ஃபேசர் தேய்க்கச் சுகமாக இருப்பதே அதில் நிரப்புபொருள் அதிகம் என்பதால்தான். பள்ளம் நிரப்பும் பட்டியும் (புட்டி) அப்படியே. பாலியெஸ்டர் பட்டியில் பெரும்பங்கு டால்க்தான், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தின் மேல் கலர் அடித்தால் வெயில் காலத்தில் கொப்புளம். எபாக்ஸியோடு நிறுத்துங்கள். பட்டி, சர்ஃபேசர், தேய்ப்பு எல்லாம் வசந்தத்துக்கு.

அக்டோபர் 7, இரவு

தயாரிப்பைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். தகட்டை 80 பேப்பரில் தேய்த்து, தூசியை ஊதி, மெழுகும் எண்ணெயும் எடுக்கும் திரவத்தால் துடையுங்கள். கையில் இரண்டு துணி வேண்டும். ஒன்றில் நனைத்துத் தேய்க்க வேண்டும், அது ஆவியாவதற்குள் மற்றதால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுக்கு கரைந்து அந்த ஈரத்தில்தான் மிதக்கும். தானாகக் காயவிட்டால் அழுக்கு இருந்த இடத்துக்கே திரும்பிப் போகும்.

துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். வெறும் தகட்டில் விரல்ரேகை அப்படியே ஆரஞ்சு நிறத்தில் எழும்பும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையில் கொண்டுபோய் விடும், அதற்கும் கையுறை வேண்டும்.

துரு இருந்த இடத்தில் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவியிருந்தால் எபாக்ஸிக்கு முன் அதைச் சுத்தமாகக் கழுவி, மறுபடி தேய்த்து எடுக்க வேண்டும். அமில மிச்சத்தின் மேல் எபாக்ஸி பிடிக்காது.

அக்டோபர் 9

நேற்று ஒருவர் கேட்டார்: எபாக்ஸிக்கு 15 டிகிரி போதும் என்றார்கள், மதியம் 16 வந்தால் அடிக்கலாமா? அந்த 15 டிகிரி தகட்டின் வெப்பம், காற்றின் வெப்பம் இல்லை. அக்டோபரில் மதியக் காற்று 16 இருக்கும்போது, இரவெல்லாம் குளிர்ந்த தகடு 9-இல் கிடக்கும். துப்பாக்கி வடிவத்தில் வரும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை.

அடித்த பிறகும் இரவு முழுக்க அந்த வெப்பம் நிற்க வேண்டும். பல எபாக்ஸிகளில் 10 டிகிரிக்குக் கீழே வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். காலையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுகியிருக்காது. வாங்கும் எபாக்ஸியின் தகவல்தாளைக் கட்டாயம் படியுங்கள். கலந்த பிறகு அரை மணி நேரம் வைத்திருந்து அடிக்கச் சொல்லும் எபாக்ஸி உண்டு, உடனே அடிக்கச் சொல்வதும் உண்டு.

அக்டோபர் 14

ப்ரோபேன் ஹீட்டர் வைத்துக் கராஜைச் சூடாக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது: கூடாது.

முதல் காரணம் தீ. தின்னர் ஆவி நிறைந்த அடைத்த கராஜில் திறந்த நெருப்பு. வெளியே தெரியாத நெருப்பும் உண்டு. இங்கே பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜை ஒட்டிய அறையில்தான் நிற்கிறது. ஸ்ப்ரே கன்னை எடுப்பதற்கு முன் அது எங்கே என்று பாருங்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்கையும் டேப் போட்டு அடையுங்கள். குழந்தைகள் தூங்கும் அறைக்கு அந்த நாற்றம் போகக் கூடாது.

இரண்டாவது காரணம் தண்ணீர். ஒரு கிலோ ப்ரோபேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் என்றால் அத்தனையும் கராஜுக்குள்தான். குளிர்ந்த தகட்டைத் தேடிப் போய் அது உட்காரும். சூடாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு வண்டியை நனைக்கிற வேலை. மின்சார ஹீட்டர் மெதுவாகத்தான் சூடாக்கும், ஆனால் காற்றில் ஈரம் சேர்க்காது. முதல் நாளே போட்டுத் தகட்டைச் சூடேற்றி, அணைத்துவிட்டு அடித்து, ஆவி முழுக்க வெளியேறிய பின் மறுபடி போடுங்கள்.

மாஸ்க்: எபாக்ஸிக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க், புதுக் கார்ட்ரிட்ஜோடு. வசந்தத்தில் யூரிதேன் சர்ஃபேசருக்கும், கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியருக்கும் அது போதாது. அவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அதற்கு நாற்றமே தெரியாது, கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் தெரியாது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை கண்டுவிட்டால் ஆஸ்துமா ஆயுள் முழுக்க நீடிக்கலாம். வெளிக்காற்று வரும் குழாய் மாஸ்க் வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டத்தை மட்டும் பெயிண்ட் அடிக்கும் பூத் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

அக்டோபர் 21

எம்ஜிபிக்காரர் எழுதியிருக்கிறார்: பானெட், கதவு, ஃபெண்டர் எபாக்ஸி ஆகிவிட்டது, நன்றாக வந்திருக்கிறது, மீதி பாடியையும் இந்த வாரமே உரித்துவிடட்டுமா என்று.

ஒரு வாரமாக இதை யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் என் எண்ணம், எபாக்ஸிதான் இருக்கிறதே, உரித்து அடித்துவிடலாம் என்பதுதான். இப்போது அப்படி நினைக்கவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு முழு பாடியை உரித்து, சுத்தம் செய்து, தகட்டை 15-க்கு மேலே வைத்து அடிப்பது ஹீட்டர் இல்லாத கராஜில் நடக்கிற காரியமில்லை. உரித்து முடிக்கும்போது குளிர் வந்திருக்கும், வெறும் தகடு மாட்டிக்கொள்ளும். பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கிற இடத்தில் அதைவிட நல்ல காப்பு வேறில்லை. பல பத்து வருஷம் ஈரத்தைத் தடுத்தது இன்னும் ஆறு மாதம் தடுக்கும். விடுங்கள்.

உரியும் இடமும் துரு எட்டிப்பார்க்கிற இடமும் மட்டும்தான் விலக்கு. அங்கே மட்டும் தகடு வரை போய் எபாக்ஸி அடியுங்கள்.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. அதை எப்படியாவது இப்போதே பாருங்கள். பீட்டிலில் அதே இடத்தில் வெப்பக் காற்று போகும் ஹீட்டர் சேனல் ஓடுகிறது, அதுவும் அரிப்பது அங்கேதான். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே இருக்கிற மண்ணையும் இலைச் சக்கையையும் வெளியே எடுங்கள். நனைந்த மண் உள்ளே கிடந்தால் வெளியே அடிக்கிற எந்த ப்ரைமருக்கும் அர்த்தமில்லை.

தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வெல்டான இணைப்புகளில் எபாக்ஸி முழுசாக உள்ளே போகாது. எபாக்ஸி இறுகிய மறுநாள் அந்தக் கோட்டில் சீம் சீலர் என்ற இடுக்கடைக்கும் பசையை வைத்துவிடுங்கள். இதை மட்டும் வசந்தத்துக்குத் தள்ளாதீர்கள்.

நவம்பர் 3

நிறுத்துவதைப் பற்றி.

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி வீட்டு பேஸ்மென்டுக்குக் கொண்டுபோங்கள். இங்கே குளிர்காலத்தில் ஃபர்னேஸ் ஓடும் வீட்டுக்குள் காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்று உதடு வெடித்தவர்களுக்குத் தெரியும். தகட்டுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. என் பீட்டிலின் நாலு ஃபெண்டரும் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால்தான் குளிர்காலத்தைக் கழித்தன. வீட்டில் முதலில் முறைத்தார்கள், பிறகு அதன் மேலேயே காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள். ஈரத் துணியை மட்டும் போடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

கராஜில் நிற்கும் பாடிக்கு:

தார்ப்பாய், பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். கீழிருந்து ஏறும் ஈரம் அதன் உட்புறத்தில் தங்கி, வண்டி மேலேயே சொட்டும். பழைய பருத்திப் பெட்ஷீட் போதும். நான் ஊரிலிருந்து வந்த பழைய வேட்டிகளைப் போர்த்துகிறேன். தூசியைத் தடுக்கும், காற்று போகும், ப்ரைமர் பரப்பில் கீறலும் விழாது.

பிளாஸ்டிக்கின் இடம் தரை. கான்கிரீட் தரை ஈரத்தை மேலே விடும். சந்தேகமிருந்தால் ஒரு முழம் அகலத்துக்குப் பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் வண்டிக்குக் கீழே முழுக்கக் கனமான ஷீட் விரித்து, அதன் மேல் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: தினமும் ஓட்டுகிற காரை அதே கராஜில் விடாதீர்கள். சக்கர வளைவில் உறைந்து வரும் சேற்றுப் பனி உப்புத் தண்ணீர்தான். ராத்திரியெல்லாம் உருகித் தரையில் ஓடி, காற்றை ஈரமாக்கி, மறுநாள் டயர் மிதித்துத் தெறித்து உங்கள் எபாக்ஸி மேல் விழும். ஐந்து மாதம் டிரைவ்வேயில் பனி சுரண்டுவது சிரமம்தான். வேறு வழியில்லை.

எலி. பீட்டிலில் வெப்பக் குழாய் முழுக்கக் கூடு கட்டும். எலி மூத்திரம் தகட்டை அரிக்கும். திறந்த குழாய் வாய்களில் ஸ்டீல் வுல் திணியுங்கள். எங்கெங்கே திணித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பீட்டிலில் அது பின் சீட்டுக்குக் கீழே உட்காருவதால், கசிந்த அமிலம் அந்தத் தரைத்தகட்டைத்தான் முதலில் தின்னும். எம்ஜிபியில் கூலன்ட் உறையாத அளவுக்கு ஆன்டிஃப்ரீஸ் இருக்கிறதா என்று சோதியுங்கள். பீட்டில் காற்றால் குளிரும் எஞ்சின், அந்தக் கவலை இல்லை.

நவம்பர் 4

ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைக் காருக்குள் வைப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளை உருண்டைகள் தண்ணீராகி அடியில் தேங்குகிற வகை என்றால் அது கால்சியம் குளோரைடு, பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்புகளில் ஒன்று. தட்டிவிட்டால் தரைத்தகடு போச்சு. சிலிக்கா ஜெல் வையுங்கள், அடுப்பில் சூடேற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

டீஹ்யூமிடிஃபையர் வாங்குவதாக இருந்தால் கம்ப்ரஸர் வகை உறைகுளிரில் உதவாது, காயில் பனி கட்டி நின்றுவிடும். ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிகன்ட் வகை கேட்டு வாங்குங்கள்.

ஜனவரி 19

இன்று மைனஸ் 17, வண்டிக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது என்று ஒரு செய்தி. ஒன்றும் ஆகாது. இந்தக் குளிரில் காற்றில் ஈரமே கிடையாது, துரு பிடிக்கிற வினையும் தூங்குகிறது. போய்ப் பார்க்கவும் வேண்டாம். பூட்ஸ் பனியை உள்ளே கொண்டுபோவதுதான் மிச்சம். பயப்பட வேண்டிய மாதம் மார்ச்.

மார்ச் 10

எம்ஜிபிக்காரர் படம் அனுப்பியிருக்கிறார். கராஜ் கூரை ஒழுகவில்லை, ஆனால் வண்டியின் பின்பக்கம் முழுக்க நீர்த்துளி, ரூஃப் ஓரத்திலிருந்து கோடாக வழிந்திருக்கிறது. "முதல் வெயில் வந்ததே என்று காலையிலிருந்து கராஜ் கதவைத் திறந்து வைத்தேன்" என்கிறார்.

அந்தத் திறந்த கதவுதான் காரணம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போலத்தான் இதுவும். இன்று வெளியே 12 டிகிரி, உருகும் பனியால் காற்றில் 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 9 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே குளிர்ந்தாலே தண்ணீரை விட ஆரம்பிக்கும். நாலு மாதம் உறைந்து கிடந்த உங்கள் தகடு இன்னும் 2 டிகிரியில் இருக்கிறது. காற்று தொட்ட இடமெல்லாம் தண்ணீர். வெளியே மட்டுமா? சில் பெட்டிக்குள், கதவுக்குள், கை போகாத பெட்டிகளுக்குள்ளும்.

உருகும் நாட்களில் கதவை மூடியே வையுங்கள். உள்ளே ஒரு மின்விசிறி ஓடட்டும், தகடு காற்றோடு சேர்ந்து சூடாகும். வானிலை அறிக்கையில் டியூ பாயிண்ட் என்று ஒரு எண் வரும், காற்று தண்ணீரை விட ஆரம்பிக்கும் வெப்பம் அது. தகட்டின் வெப்பம் அதைவிட அதிகமாக இருக்கும் நாளில் மட்டும் திறந்து காற்றாட விடுங்கள். ப்ரைமர், பெயிண்ட் எதுவானாலும் அடிக்கும் நாளில் தகடு அந்த எண்ணுக்கு மேல் குறைந்தது 3 டிகிரி இருக்க வேண்டும்.

இப்போது நனைந்ததைத் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள். எபாக்ஸியும் நல்ல பழைய பெயிண்டும் இதைத் தாங்கும். அதே பரப்பு பட்டியும் சாம்பல் ப்ரைமருமாக இருந்திருந்தால் இந்த ஒரு காலைப்பொழுது போதும், எல்லாம் உறிஞ்சியிருக்கும். குளிரைப் பற்றி அவ்வளவு யோசிக்கிற நாம் இந்த ஒரு வாரத்தை யோசிப்பதில்லை.

ஏப்ரல் 27

தகடு பகலிலும் இரவிலும் 15-க்கு மேல் நிற்கத் தொடங்கும்வரை பொறுங்கள். பிறகு முதல் வேலை கழுவுவது. பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும், அது காய்ந்ததும் மெழுகு எடுக்கும் திரவம். எடுத்தவுடனே பேப்பர் போட்டுத் தேய்த்தால் குளிர்கால அழுக்கையும் எண்ணெயையும் கீறல்களுக்குள் அழுத்திவிடுவீர்கள், பெயிண்ட் அங்கே மீன்கண் போலச் சிறு வட்டக் குழிகளாக விலகும்.

எபாக்ஸிக்கு மேலே தேய்க்காமல் அடுத்த கோட் அடிக்கும் அவகாசம் சில நாட்கள்தான். ஆறு மாதம் ஆன எபாக்ஸி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். பட்டி வைக்கும் இடத்தை 80-லும் மற்ற இடத்தை 180-லும் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். மேலே கறுப்புக் கைடு கோட் தூவிவிட்டுத் தேய்த்தால் தேய்க்காத பள்ளம் தானே காட்டிக்கொடுக்கும்.

தேய்க்கும்போது எங்காவது பழுப்புப் புள்ளி தெரிந்தால் அதை மட்டும் தகடு வரை எடுத்து எபாக்ஸியால் தொட்டுவிடுங்கள். பானெட்டின் முன் விளிம்பில் இரண்டு இடத்தில் இருப்பதாக எம்ஜிபிக்காரர் சொல்கிறார். விளிம்பில் எப்போதும் படலம் மெல்லியதாகத்தான் படியும்.

மே 18

பட்டியும் சர்ஃபேசரும் முடிந்தது, கலருக்கு முன் இன்னொரு எபாக்ஸி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நான் அடிப்பேன். தேய்க்கும்போது எத்தனையோ விளிம்பில் தகடு எட்டிப்பார்த்திருக்கும், பட்டி ஓரங்கள் வேறு மாதிரி உறிஞ்சும். அதே எபாக்ஸியைத் தகவல்தாளில் சொன்ன அளவு தின்னர் கலந்து மெல்லிய ஒரே கோட். அது சொல்லும் நேரம் காத்திருந்து, அதன் மேல் கலர்.

சில் பெட்டிக்குள் துருத் தடுப்பு மெழுகு அடிப்பதைக் கலருக்கு முன் செய்யாதீர்கள். வெயிலில் அது இணைப்பு வழியே கசிந்து வெளியே வந்தால் பக்கத்தில் பெயிண்ட் ஒட்டாது. கலரும் கிளியரும் நன்றாக இறுகட்டும். அக்டோபர் வருவதற்குள், வண்டி சூடாக இருக்கும் ஒரு ஜூலை நாளில், வடிகால் துளை வழியாகக் குழாயை விட்டு அடியுங்கள். அடித்த பிறகு துளை அடைபடாமல் கம்பியால் ஒருமுறை குத்திவிடுங்கள்.